மூன்றாம் வகுப்புக்குத் தோட்டம் எதற்கு?

ஜூன் 12. கேள்வி (ஒரு வாசகர் எழுதியது)

எங்கள் தொடக்கப் பள்ளியில் இந்த ஆண்டு தோட்டம் போடச் சொல்கிறார்கள். நான் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன், முப்பத்தெட்டுப் பிள்ளைகள். பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லை. வெளியே கூட்டிப் போனால் பாதிப் பேர் மண்ணை வாரி இறைப்பார்கள், மீதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். விதை முளைப்பதைப் புத்தகத்தில் படம் காட்டியே சொல்லிவிடலாமே? தோட்டத்தில் அப்படி என்னதான் கற்றுக்கொள்கிறார்கள்?

ஜூன் 12, இரவு. பதில்

படம் காட்டினால் வேர் கீழே போகும், தண்டு மேலே வரும் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். தேர்விலும் எழுதிவிடுவார்கள். அதே பிள்ளைகளிடம் ‘விதையைத் தலைகீழாக நட்டால் என்ன ஆகும்?’ என்று கேட்டுப் பாருங்கள். பாதி வகுப்பு ‘வேர் மேலே வரும்’ என்று அடித்துச் சொல்லும். படத்தில் விதை எப்போதும் ஒரே பக்கமாகத்தானே இருக்கிறது!

நான் இதை மண்ணில் தொடங்குவதில்லை. கண்ணாடித் தம்ளரின் உட்புறம் ஈரத்தாளைச் சுற்றி, ஓர் இரவு ஊறிய பீன்ஸ் விதைகளைத் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகச் சொல்வேன். ஒரு விதையின் கண் (ஓரத்தில் இருக்கும் சின்னத் தழும்பு) மேலே பார்க்கட்டும், இன்னொன்று கீழே, இன்னொன்று பக்கவாட்டில். என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் முன்கூட்டியே வரைந்து, பெயர் எழுதி வைத்துவிட வேண்டும். வரையாமல் பார்த்தால் வேடிக்கை, வரைந்துவிட்டுப் பார்த்தால் பாடம்.

மூன்று நான்கு நாளில் தோல் வெடித்து முளைவேர் வெள்ளையாக எட்டிப் பார்க்கும். மேலே பார்த்த விதையின் வேர் கொஞ்சம் தயங்கி, வளைந்து, விதையை ஒட்டியே சுற்றிக்கொண்டு கீழே இறங்கும். அந்த வளைவைப் பார்க்கப் பிள்ளைகள் மேசையில் கன்னத்தை வைத்துக்கொண்டு கிடப்பார்கள். அப்புறம் தம்ளரையே படுக்க வைத்தால் மறுநாள் வேரின் நுனி மறுபடி திரும்பியிருக்கும். ஒருமுறை ஒரு பையன் கேட்டான்: ‘டீச்சர், அதுக்குக் கண்ணே இல்ல. கீழ எதுன்னு எப்படித் தெரியுது?’ வேர் நுனியின் செல்களுக்குள் கனமான மாவுமணிகள் இருக்கின்றன, அவை எந்தப் பக்கம் சரிந்து படிகின்றனவோ அதுதான் வேருக்குக் கீழ்ப்பக்கம் என்றேன். மூன்றாம் வகுப்புப் பாடத்தில் இது இல்லை. ஆனால் கேட்டவனுக்குப் பதில் வேண்டியிருந்தது. புத்தகப் படத்தைப் பார்த்து இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ஜூன் 13

நேரம் பற்றி. பாடத்தோடு கூடுதலாகத் தோட்டம் என்று வைத்தால் உங்களால் முடியாது, யாராலும் முடியாது. ஏற்கெனவே நடத்த வேண்டிய பாடத்தை எடுத்து அங்கே போய் நடத்துங்கள். சுற்றளவு, பரப்பளவு, பெருக்கல், வகுத்தல், பட்டை வரைபடம், வெப்பமானி பார்ப்பது, பெயரடை, கடிதம் எழுதுவது எல்லாவற்றுக்கும் ஒரு பாத்தி போதும். கால அட்டவணையில் வாரத்துக்கு ஒரு பாடவேளை, நாள், நேரம் போட்டு எழுதியிருக்க வேண்டும். ‘நேரம் கிடைத்தால் போகலாம்’ என்று விட்ட தோட்டம் எதுவும் பிழைத்து நான் பார்த்ததில்லை.

ஜூன் 13, சற்று நேரம் கழித்து

கணக்குக்கு எடுத்துக்காட்டு கேட்டிருக்கிறீர்கள். 1 மீட்டருக்கு 2 மீட்டர் பாத்தி. முள்ளங்கி விதை 5 சென்டிமீட்டருக்கு ஒன்று. நீளவாக்கில் ஒரு வரிசைக்கு எத்தனை விதை வேண்டும் என்று கேட்டேன். 200 ஐ 5 ஆல் வகுத்து 40 என்று எல்லோரும் கை தூக்கினார்கள். சரி, வையுங்கள் என்றேன். நாற்பதும் வைத்த பிறகு கடைசி முனையில் ஓர் இடம் காலியாக இருந்தது. ‘யாரோ ஒரு விதையைத் தொலைச்சுட்டாங்க’ என்று சண்டை. திரும்ப எண்ணினார்கள், மறுபடி எண்ணினார்கள். கடைசியில் ஒரு பெண் குழந்தை தரையில் குச்சியால் கோடு கிழித்து, ‘இடைவெளிதான் நாற்பது. விதை நாற்பத்தொண்ணு’ என்றாள். முனையிலேயே தொடங்கியதால் வந்த வித்தியாசம் இது. பெரிய வகுப்புப் பிள்ளைகளே தடுமாறுகிற இடம். கரும்பலகையில் இதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆகியிருக்கும், அப்போதும் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது.

ஜூன் 15

மண்ணை வாரி இறைப்பது: இறைப்பார்கள்தான். முதல் நாள் வேறு எதையும் திட்டமிடாதீர்கள். தோண்டட்டும், பிசையட்டும், புழுவைப் பிடித்துக் காட்டட்டும். அந்த ஆசை ஒருமுறை தீராமல் அடுத்த வேலை ஓடாது.

அதற்குப் பிறகு முப்பத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் ஒரே வேலை செய்யக் கூடாது. நான்கு குழுவாகப் பிரியுங்கள். ஒரு குழு பாத்தியில் கை வைக்கும். ஒரு குழு அளந்து குறிக்கும். ஒரு குழு உட்கார்ந்து ஒரே ஓர் இலையை வரையும். ஒரு குழு தண்ணீர், கருவி, கை கழுவும் இடம் என்று பார்த்துக்கொள்ளும். கால் மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். வேடிக்கை பார்க்கிற பிள்ளை பெரும்பாலும் வேலை இல்லாத பிள்ளை. கையில் அளவுகோல் கொடுத்தால் வேடிக்கை நின்றுவிடும்.

ஜூன் 16

நான்கு குழு என்றதைப் பற்றி யோசித்தேன். முதல், இரண்டாம் வகுப்புக்கு ஒன்பது பத்துப் பேர் கூடப் பெரிய குழுதான். அவர்களுக்கு ஐந்து பேர் போதும், கூடவே பெரிய வகுப்பிலிருந்து ஓர் அக்காவோ அண்ணனோ. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தப் பொறுப்பை எவ்வளவு கருத்தாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். ‘அமுக்காத, வேர் மூச்சு விடணும்’ என்று சின்னவனுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் பெரியவனுக்கே அது முழுசாகப் புரிகிறது.

ஜூன் 19

‘எல்லாம் உணர்ச்சிதான், ஆதாரம் எங்கே?’ என்று கேட்டவருக்கு. கேட்க வேண்டிய கேள்விதான். 2005ல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஏழு தொடக்கப் பள்ளிகளில் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அறிவியல் பாடத்தோடு தோட்ட வேலையும் செய்தவர்கள், பாடத்தை மட்டும் படித்தவர்களைவிட அறிவியல் தேர்வில் அதிக மதிப்பெண் வாங்கினார்கள். 1990 முதல் 2010 வரை வந்த 48 ஆய்வுகளைத் தொகுத்து 2013ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. பெரும்பாலானவற்றில் நல்ல விளைவு. அறிவியலில் கூடுதல், அடுத்து கணக்கு, மொழி. அதே கட்டுரை பல ஆய்வுகள் போதிய கறாரோடு நடத்தப்படவில்லை என்றும் சொல்கிறது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

உணவுப் பழக்கத்துக்கு அதே டெக்சாஸில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 16 தொடக்கப் பள்ளிகள், எந்தப் பள்ளிக்குத் தோட்டம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். முடிவு 2021ல் வந்தது. பிள்ளைகள் காய்கறி உண்பது கூடியது. உடல் எடையிலோ ரத்த அழுத்தத்திலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ‘தோட்டம் போட்டால் குழந்தைகளின் உடல்பருமன் தீரும்’ என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்த முடிவை எடுத்துக் காட்டுங்கள். காரணம் இல்லாமல் தோட்டத்தின் மேல் பெரிய வாக்குறுதிகளை ஏற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த வாக்குறுதி நிறைவேறவில்லை என்று சொல்லியே அடுத்த ஆண்டு பாத்தியின் மேல் சிமென்ட் பூசுவார்கள்.

ஜூன் 27

நான்காம் வகுப்பு எடுப்பவர்கள் இதைச் செய்து பாருங்கள். ‘செடி எதைச் சாப்பிட்டு வளர்கிறது?’ என்று கேளுங்கள். ‘மண்ணை’ என்பார்கள். பெரியவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். சரி, தொட்டியில் மண் குறைய வேண்டுமே, குறைகிறதா பார்க்கலாம் என்று ஒரு தொட்டியின் உட்சுவரில் மண் மட்டத்துக்குக் கோடு போட்டு வைக்கச் சொல்லுங்கள். சூரியகாந்தி வளர்ந்து அவர்கள் தலைக்கு மேலே போகும். மண் தண்ணீர் பட்டு ஒரு விரல் அளவு இறுகிப் படியும், அவ்வளவுதான்.

அப்போது வான் ஹெல்மாண்ட் கதையைச் சொல்வேன். பெல்ஜியத்து அறிவியலாளர். 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டு தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணை உலர்த்தி எடை போட்டால் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்ஸ். அவர் இறந்த பிறகு, 1648ல் இது அச்சில் வந்தது. மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அது சரியில்லை.

இங்கே கதையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். ‘அப்போ மரம் எங்கேருந்து வந்துச்சு?’ என்று கேட்பார்கள். காற்றிலிருந்து என்றால் நம்ப மாட்டார்கள். ஒரு பிள்ளை கையைக் காற்றில் மூடித் திறந்து காட்டி, ‘இதுலயா?’ என்று கேட்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அந்த அவநம்பிக்கையோடு ஐந்தாம் வகுப்புக்குப் போகட்டும். கரியமில வாயு என்று அங்கே படிக்கும்போது அந்தச் சொல்லுக்கு உள்ளே ஒரு மரம் இருக்கும்.

ஜூலை 2

‘இதெல்லாம் இப்போது வந்த மோகம்’ என்பதற்கு ஒரு பதில். ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரெடரிக் ஃபிரோபல் தன் குழந்தைகள் நிலையத்துக்கு ‘கிண்டர்கார்டன்’, அதாவது குழந்தைகள் தோட்டம், என்று பெயர் வைத்தது 1840ல். பெயரில் மட்டும் இருந்த தோட்டமில்லை அது. ஒவ்வொரு குழந்தைக்கும் பெயர்ப் பலகையோடு சொந்தமாக ஒரு சின்னப் பாத்தி, சுற்றிலும் எல்லோருக்குமான பொதுப் பாத்தி. தன்னுடையதை எப்படி வேண்டுமானாலும் நட்டுக்கொள்ளலாம், பொதுப் பாத்தியில் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். எனக்கு இதைவிட நல்ல வரைபடம் இன்றுவரை கிடைக்கவில்லை. 1869ல் ஆஸ்திரியாவின் பள்ளிச் சட்டத்திலேயே பள்ளித் தோட்டம் இடம்பெற்றது. அமெரிக்காவில் 1891ல் பாஸ்டனின் ராக்ஸ்பரி பகுதிப் பள்ளி ஒன்றில் தொடங்கினார்கள், காட்டுப் பூக்களும் பெரணிகளும் வைத்து. 1937 வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழில் வழியாகவே பாடம் என்றது, விவசாயமும் அதில் உண்டு.

முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசு பள்ளிப் பிள்ளைகளை ‘பள்ளித் தோட்டப் படை’ என்று திரட்டி உணவு விளைவிக்க வைத்தது. போர் முடிந்ததும் படையும் கலைந்தது. விளைச்சலுக்காகப் போட்ட தோட்டம் அந்தத் தேவை தீர்ந்ததும் போய்விடும். பாடத்துக்காகப் போட்டால் அடுத்த வகுப்பு வரும்போது மறுபடி தேவைப்படும்.

ஜூலை 9

இந்த இழையில் நான் சொல்ல வந்ததே இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அழகான பள்ளித் தோட்டங்கள் பல பார்த்திருக்கிறேன். வாசலிலேயே பெயர்ப் பலகை, வெள்ளை அடித்த செங்கல் வரப்பு, வரிசை பிசகாத செடிகள். பார்வையாளர் வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப் போவார்கள். பிள்ளைகளிடம் ‘இதை யார் நட்டது?’ என்று கேட்டால் தோட்டக்காரரைக் காட்டுவார்கள். ஒரு பள்ளியில் பிள்ளைகள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று குறிப்பெழுதிக்கொண்டிருந்தார்கள், உள்ளே போக அனுமதி இல்லை. ‘மிதிச்சிடுவாங்க’ என்றார்கள். அது பள்ளிக்குள் இருக்கிற பூங்கா. நல்ல விஷயம்தான். ஆனால் அதைக் கற்றல் என்று கணக்கில் எழுதக் கூடாது.

முடிவு யார் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். எதை நடுவது, எங்கே நடுவது, வாடினால் என்ன செய்வது, பூச்சி வந்தால் என்ன செய்வது. இந்த நான்கில் இரண்டையாவது பிள்ளைகள் தீர்மானிக்கவில்லை என்றால் அவர்கள் அங்கே வேலையாட்கள்தான். தீர்மானிக்க விட்டால் தப்பாகத் தீர்மானிப்பார்கள், நிச்சயமாக. தக்காளியை ஒரு சாண் இடைவெளியில் நெருக்கி நடுவார்கள். 45 சென்டிமீட்டராவது வேண்டும் என்று நமக்குத் தெரியும். நான் ஒரு வரிசையை அவர்கள் சொன்னபடி, ஒரு வரிசையை விதைப் பையில் போட்டிருக்கிறபடி நடச் சொல்வேன். இரண்டு மாதத்தில் இரண்டு வரிசையையும் அவர்களே எடை போடட்டும். விதைப் பையில் எழுதியிருப்பதை ஏன் மதிக்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவர்களுக்கு இதில் கஷ்டம், தோட்டம் பார்க்க நன்றாக இருக்காது என்பதுதான். கோணல் வரிசை, பாதி காய்ந்த பாத்தி, எழுத்துப் பிழையோடு பெயர்ப் பலகை. தலைமையாசிரியருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பக்கத்தில் பிள்ளைகளின் குறிப்பேட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். பார்வையாளர் பாத்தியைப் பார்க்கும் முன் குறிப்பேட்டைப் புரட்டட்டும்.

ஜூலை 10

பூச்சி என்றதும் ஒன்று. அசுவினி (செடியின் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சி) வந்தால் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றையும் நசுக்கக் கிளம்புவார்கள். கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, சின்ன முதலை போல ஒன்று இலையில் ஊர்ந்தால் தொடாதீர்கள் என்று சொல்லுங்கள். அது பொறிவண்டின் இளம்புழு. சிவப்பு வண்டை எல்லோரும் கொண்டாடுவார்கள், அதன் பிள்ளையை யாருக்கும் அடையாளம் தெரியாது. ஒரு புழு வளர்ந்து முடிப்பதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும். உருப்பெருக்கிக் கண்ணாடி கொடுத்து, அது ஒரு அசுவினியைப் பிடித்துத் தின்பதைப் பார்க்க விட்டால் போதும், அடுத்த நாளிலிருந்து பிள்ளைகளே காவல் நிற்பார்கள்.

ஜூலை 18

எதுவும் காய்க்கவில்லை, பிள்ளைகள் சோர்ந்துவிட்டார்கள் என்று எழுதியிருப்பவருக்கு: பூசணிதானே? பூக்கள் வந்து வந்து உதிர்கின்றன என்கிறீர்கள். கவலை வேண்டாம். பூசணியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெரும்பாலும் ஆண் பூக்கள்தான் முதலில் வரும். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் போல ஒரு வீக்கம் இருக்கும், ஆண் பூவுக்கு வெறும் காம்பு. உதிர்ந்த பூக்களைப் பொறுக்கி, அடியில் வீக்கம் இருக்கிறதா என்று பிள்ளைகளையே பிரித்து எண்ணச் சொல்லுங்கள். பெண் பூ விரிந்ததும் காலையிலேயே ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவட்டும். அந்தப் பூக் காம்பில் நூல் கட்டித் தேதி எழுதட்டும். தேனீ என்ன வேலை செய்கிறது என்பதை இதைவிட நேராகச் சொல்லும் வழி எனக்குத் தெரியாது.

தொடக்கத்துக்கு பூசணியை மட்டும் நம்பாதீர்கள். முள்ளங்கி 25 முதல் 30 நாளில் கைக்கு வந்துவிடும். ஏழெட்டு வயதுக்குக் காத்திருக்கக்கூடிய அளவு அது.

ஆகஸ்ட் 3

வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகள் தோட்டத்தில் ஒளிர்வார்கள் என்று இங்கே பலரும் எழுதியிருக்கிறார்கள். உண்மைதான், நானும் பார்த்திருக்கிறேன். நான் சொல்ல நினைப்பது மறுபக்கம். எப்போதும் முதலில் வருகிற பெண் ஒருத்தி இருந்தாள். இரண்டு பாத்தி, ஒன்றில் மூடாக்கு (மண்ணை மூடிப் பரப்பும் இலைச் சருகு) போட்டது, ஒன்றில் போடாதது. ‘எதில் ஈரம் அதிக நேரம் நிற்கும், எப்படிக் கண்டுபிடிப்பாய்?’ என்று கேட்டேன். அவளுக்கு எரிச்சல் வந்துவிட்டது. ‘விடை எந்தப் பக்கத்துல இருக்கு டீச்சர்?’ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எந்தப் பக்கத்திலும் இல்லை என்றதும் கண் கலங்கிவிட்டது.

அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. தோழி ஒருத்தி விரலை மண்ணுக்குள் விட்டு, எந்தக் கணு வரை காய்ந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல, இவள் எழுதிக்கொண்டாள். அடுத்தடுத்த வாரங்களில் விரல் ஆளுக்கு ஆள் மாறுகிறது, குச்சியில் கோடு போட்டுக்கொள்ளலாம் என்று இவளே சொன்னாள். விடை தெரியாத கேள்வியோடு உட்கார்ந்திருப்பது முதல் மாணவர்களுக்குத்தான் கடினம். அவர்களுக்குத் தோட்டம் மற்றவர்களைவிட அதிகம் தேவை என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 11

எங்கள் பள்ளியில் எல்லாம் சிமென்ட் தரை, மண்ணே இல்லை என்பவர்களுக்கு. முதல் பாடம் அங்கேயே இருக்கிறது. காலையில், நண்பகலில், பள்ளி விடும் நேரத்தில் கட்டட நிழலின் ஓரத்தைச் சுண்ணக்கட்டியால் தரையில் வரையச் சொல்லுங்கள், பக்கத்தில் மணி எழுதட்டும். மூன்று நேரத்திலும் நிழல் விழாத இடம்தான் செடி வைக்க இடம். காய்க்கிற செடிகளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். பூமி சுழல்வதைப் பற்றிய பாடத்தையும் அன்றே தொடங்கிவிடலாம். பிறகு சாக்கு, தொட்டி, அடியில் துளையிட்ட வாளி, எது கிடைக்கிறதோ அது.

மண் வெளியிலிருந்து வந்தால் ஒரு கைப்பிடியைக் கண்ணாடிக் குடுவையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில். களி ஒரு நாளுக்கு மேலும் கலங்கியே நிற்கும். அடுக்குகளை மில்லிமீட்டரில் அளக்கலாம்.

ஆகஸ்ட் 12

பாதுகாப்பு பற்றிப் பெற்றோர் ஒருவர் கேட்டிருந்தார். செருப்பு அல்லது ஷூ கட்டாயம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம், தண்ணீரில் நனைப்பது போதாது. தடுப்பூசி அட்டையில் டெட்டனஸ் ஊசி விடுபடவில்லையா என்று பாருங்கள். பச்சைச் சாணத்தைப் பிள்ளைகள் கையாளும் பாத்தியில் போடாதீர்கள், நன்றாக மட்கியதுதான். அரளி, ஊமத்தை, ஆமணக்கு மூன்றும் பள்ளி வளாகத்தில் வேண்டாம், ஆமணக்கு விதை பார்க்க அழகாக இருப்பதாலேயே ஆபத்து. பழைய கட்டடச் சுவரை ஒட்டிப் பாத்தி போடாதீர்கள், உதிர்ந்த பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். தேனீக் கொட்டு ஒவ்வாத பிள்ளைகள் யார் என்று பெற்றோரிடம் முதலிலேயே கேட்டு எழுதி வையுங்கள். தண்ணீர் தேங்கும் தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள், முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம்.

ஆகஸ்ட் 30

நீண்ட விடுமுறைதான் பள்ளித் தோட்டங்களின் எமன். இதற்குச் சிலர் காவலாளியிடம் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போவார்கள், அவருக்கு ஏற்கெனவே ஆயிரம் வேலை. நான் நாட்காட்டியைப் பின்னிருந்து எண்ணச் சொல்வேன். பள்ளி மூடுகிற நாளிலிருந்து 30 நாள் பின்னே போனால் முள்ளங்கி விதைக்கக் கடைசி நாள். பீன்ஸுக்கு 60 நாள். தக்காளி என்றால் இன்னும் முன்னே. இதைப் பிள்ளைகளே எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டும், மாதத்துக்கு 30 நாளா 31 நாளா என்ற சண்டையோடு சேர்த்து. மூடும் நாளில் பாத்தியில் எதுவும் நிற்கக் கூடாது. அறுவடை முடித்து, தடிமனாக இலைச் சருகு மூடாக்குப் போட்டு விட்டுவிடுங்கள். திறந்து வரும்போது அடியில் மண் பொலபொலவென்று இருக்கும், மண்புழுவும் இருக்கும்.

செப்டம்பர் 14

முதல் கேள்வியைக் கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார், மகிழ்ச்சி. நான்கு குழு வேலை செய்கிறது என்கிறார், மண் இறைப்பது இரண்டாம் வாரமே நின்றுவிட்டதாம். இப்போது கேள்வி: ‘இதற்கு மதிப்பெண் எப்படிப் போடுவது? யாருடைய செடி நன்றாக வளர்ந்ததோ அவர்களுக்கு அதிகமா?’

தயவுசெய்து வேண்டாம். செடிக்கு மதிப்பெண் போட்டால் நிழலில் பாத்தி கிடைத்த பிள்ளைக்கு அநியாயம். அதோடு இரவோடு இரவாக வீட்டிலிருந்து நல்ல செடி வந்து பாத்தியில் உட்கார்ந்துவிடும். குறிப்பேட்டைப் பாருங்கள். முன்கூட்டி ஒரு கணிப்பு எழுதியிருக்கிறதா, தேதியோடு அளவு இருக்கிறதா, கணிப்பு பலிக்காதபோது ‘ஏன்’ என்று ஒரு வரியாவது இருக்கிறதா. செத்துப்போன செடிக்கும் இந்த மூன்றும் எழுதலாம். சில சமயம் செத்த செடிக்காரர்தான் நன்றாக எழுதியிருப்பார்.

எழுத வராத பிள்ளையிடம் பாத்தி முன்னால் நின்று இரண்டு நிமிடம் பேசச் சொல்லி நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே வாரத்தில் முடியாது, வாரம் ஒரு குழு என்று வைத்தால் ஒரு மாதத்தில் சுற்று முடிந்துவிடும்.

செப்டம்பர் 15

இன்னொன்று. குறிப்பேடுகளை ஆண்டு முடிவில் வீட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள், ஒரு பிரதியாவது வகுப்பில் இருக்கட்டும். 20 விதையில் 17 முளைத்தது, 85 விழுக்காடு என்று இந்த ஆண்டுப் பிள்ளைகள் எழுதியதை வைத்து அடுத்த ஆண்டுக்காரர்கள் எத்தனை விதை வேண்டும் என்று கணக்குப் போடுவார்கள். அதே பையில் மீந்த விதை ஓராண்டு பழசானால் எத்தனை முளைக்கும் என்பதையும் அவர்கள் சோதிக்கலாம். அதற்கு மீந்த விதையைக் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, தேதி எழுதி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.